அளந்த பொருளும் ஆளறியும் திறனும்

சிறு முதலைக் கையில் வைத்துக்கொண்டு பெருஞ்செல்வரோடு போட்டியிட வேண்டிய நிலை உலகில் எவர்க்கும் புதிதன்று. சிற்றூர்க் கடைக்காரரும், வருவாய் குறைந்த குடும்பத்தின் தலைவியும், சந்தாப் பணத்தால் நடக்கும் வாசிகசாலையும் நாள்தோறும் போடும் கணக்கு அதுவே. அக்கணக்கையே ஒரு விளையாட்டாக்கி, பல்லாண்டுகளாக அதில் மூழ்கித் திளைப்பவர்கள் அமெரிக்க நாட்டில் உளர். அவர்கள் ஆடும் களம் மேசை. ஆடும் ஆட்டம் பேஸ்போலின் பாவனை. அவ்வாட்டத்தில் அவர்களை மிகவும் சிந்திக்க வைக்கும் பகுதி, குறித்த தொகைக்குள் நல்லதொரு பந்தெறிவோர் அணியைத் திரட்டுவதாகும்.

'பேஸ்போலுக்கும் நமக்கும் என்ன உறவு? அதுவும் கடதாசியில் ஆடும் பேஸ்போலைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுத வேண்டுமா?' என்று வாசக அன்பர்கள் வினவலாம். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் எல்லே கண்டவர்க்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பந்தை அடித்துவிட்டு நிலை நிலையாக ஓடிவரும் ஆட்டங்களே இரண்டும். கிரிக்கெட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. கிண்ணியாவில் மாலை வேளையில் வெறும் நிலம் கண்ட இடமெல்லாம் மென்பந்து ஆட்டந்தான். இவற்றுக்கும் மேலாக, அந்த மேசை விளையாட்டின் அடியில் கிடக்கும் வினா நம்முடையது. ஒருவனுடைய திறனை எதைக் கொண்டு அளப்பது? வகுப்பறையில் நிற்கும் ஒவ்வொருவரும் விடை கூறக் கடமைப்பட்ட வினா இது.

மேசைமேல் ஒரு மைதானம்

1961 ஆம் ஆண்டில் ஹால் ரிச்மன் என்பார் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு சீட்டு உண்டு. மெய்யான களத்தில் ஓராண்டு முழுவதும் அவன் செய்தவற்றைக் கணக்கிட்டு அச்சீட்டை வகுத்திருப்பர். ஆடுவோர் மூன்று பகடைகளை உருட்டுவர். முதற் பகடையில் ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் அடிப்பவனுடைய சீட்டைப் பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் பந்தெறிபவனுடைய சீட்டைப் பார்க்க வேண்டும். மற்றை இரு பகடைகளின் கூட்டுத்தொகை அச்சீட்டிலே நடந்ததைக் கூறும். ஆகவே ஆட்டத்தின் விதி பாதி அடிப்பவன் கையிலும் பாதி எறிபவன் கையிலும் இருக்கின்றது. பிற்காலத்தில் இதே வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது, அடிப்படை மாறவில்லை.

இவ்வகை ஆட்டத்தில், விரும்பியவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சுவை இராது. எனவே ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான கற்பனைத் தொகையைக் கொடுத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலையிட்டு, அத்தொகைக்குள் அணியை அமைக்கச் சொல்வது ஒரு வழக்கம். இங்கேதான் பந்தெறிவோர் சிக்கல் எழுகின்றது. பேஸ்போலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. அமெரிக்கப் பெருங் கழகங்களின் ஓர் ஆண்டுப் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஒரே கை நாள்தோறும் எறிய முடியாது. ஆகையால் ஆட்டத்தைத் தொடங்கி வைப்போர் பெரும்பாலும் ஐவர் முறைவைத்து எறிவர். அவர்கள் களைத்தபின் இடையே வந்து தாங்குவோர் சிலர். இறுதிச் சுற்றை முடித்து வைப்பவர் ஒருவர். இத்தனை பேரையும் அளந்த பொருளுக்குள் வாங்க வேண்டும். புகழ்பெற்ற ஒருவருக்கே பொருளில் பாதியைக் கொடுத்துவிட்டால், எஞ்சிய நாட்களில் எறிவது யார்?

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை, மேசையருகே பகடையோடு அமர்ந்திருப்பவனுக்கும் பொருந்திவருகின்றது. வலியை அறிவது எவ்வாறு என்பதே முதற்படி.

யாருடைய செயல், யாருடைய பெயரில்?

பந்தெறிபவனின் வலியை அறிய நெடுங்காலமாக மக்கள் பார்த்தது, அவன் எறிந்தபோது அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது, எதிரணி எத்தனை ஓட்டங்கள் பெற்றது என்னும் இரண்டையுமே. 2001 ஆம் ஆண்டில் வொரோஸ் மெக்கிராக்கன் என்பார் ஒரு கட்டுரையில் இந்த அளவுகோலை அசைத்துவிட்டார். அவர் கூற்றின் சாரம் இது: அடிப்பவனைப் பந்து தொடவிடாமல் வீழ்த்துவதும், குறிதவறி எறிந்து அவனுக்கு இலவசமாக முதல் தளத்தைக் கொடுப்பதும், பந்து வேலிக்கு அப்பால் போகும்படி அடிபடுவதும் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் எறிபவனுடைய சொந்தச் செயல்கள். மற்றைப் பந்துகள் அடிபட்டு மைதானத்துக்குள் வந்தபின், அவை தரையில் வீழ்கின்றனவா, கையில் சிக்குகின்றனவா என்பது பின்னால் நிற்கும் களத்தடுப்பாளரையும் நற்பேற்றையும் பெரிதும் சார்ந்தது. ஓராண்டு அதில் சிறந்து விளங்கியவன் அடுத்த ஆண்டும் சிறந்து விளங்குவான் என்பதற்கு உறுதியில்லை.

பின்வந்தோர் இக்கருத்தைச் சிறிது திருத்தினர். எறிபவனுக்கும் அதில் ஓரளவு பங்குண்டு என்று காட்டினர். ஆயினும் அடிப்படை நின்றது. பொருள் குறைந்தவனுக்கு இதனால் ஒரு வாயில் திறந்தது. திறமையற்ற களத்தடுப்பாளர் முன்னிலையில் எறிந்து, கெட்ட பெயர் வாங்கி, விலை இறங்கிக் கிடப்பவன் ஒருவன் இருப்பான். அவனுடைய சொந்தச் செயல்கள் மூன்றையும் பார்த்தால் தரம் தெரியும். அவனை மலிவாக வாங்கலாம். நல்ல களத்தடுப்பாளரின் தயவால் நற்பெயர் பெற்றவனை உயர்விலை கொடுத்து வாங்கும் வேலையை மற்றவர்க்கு விட்டுவிடலாம்.

மெய்யான களத்தில் இதைச் செய்துகாட்டியது ஒக்லாண்ட் நகர அணி. 2002 இல் அவ்வணியின் ஊதியச் செலவு சுமார் 4 கோடி டொலர். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் செலவு சுமார் பன்னிரண்டரைக் கோடி. இரண்டும் அவ்வாண்டு 103 ஆட்டங்களில் வென்றன. மைக்கல் லூயிஸ் 2003 இல் எழுதிய 'மணிபோல்' என்னும் நூல் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. அதில் வரும் சாட் பிராட்ஃபோர்ட் என்பவர் கை ஏறத்தாழத் தரையை உரசும்படி தாழ்த்தி எறிபவர். எறியும் தோற்றம் விந்தையாக இருந்தமையால் அவரை மதிப்போர் குறைவு. ஒக்லாண்ட் அணியினர் தோற்றத்தை விடுத்து விளைவைப் பார்த்தனர்.

இக்கதையைக் கூறுவோர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்வணியில் ஹட்சன், மல்டர், சீட்டோ என்னும் மூன்று தலைசிறந்த தொடக்க எறிவோர் இருந்தனர். இளையோர் முதலாறு ஆண்டுகள் விரும்பிய அணிக்கு விலைபேசிப் போகவியலாது என்பது அங்கு விதி. ஆகையால் அம்மூவரின் ஊதியமும் திறனுக்கு மிகக் குறைவாகவே இருந்தது. மலிவு என்பது எப்போதும் கூரிய கண்ணின் பரிசன்று. சிலவேளை அது விதியின் பயன். விளையாட்டு வீரனின் பக்கமிருந்து பார்த்தால் அதற்கு வேறு பெயரும் இடலாம்.

ஏலக்களத்தில் இராஜஸ்தான்

நமக்கு அண்மையில் உள்ள சான்றுக்கு வருவோம். 2008 பெப்ரவரி 20 ஆம் நாள் மும்பையில் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் நடந்தது. எட்டு அணிகள்; ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய உச்சத்தொகை 50 இலட்சம் டொலர். சென்னை அணி தோனியை 15 இலட்சத்துக்கு வாங்கியது. நம் நாட்டு முத்தையா முரளிதரனை 6 இலட்சத்துக்கு வாங்கியது. எட்டு அணிகளுள்ளும் மிகக் குறைந்த விலைக்கு, 6 கோடியே 70 இலட்சம் டொலருக்கு, உரிமை பெறப்பட்டது இராஜஸ்தான் அணி. ஏலத்திலும் அது கைகட்டியே செலவு செய்தது.

அவர்கள் திரட்டிய பந்துவீச்சைக் காண்க. சர்வதேச ஆட்டங்களிலிருந்து முந்திய ஆண்டே ஓய்வுபெற்றுவிட்ட ஷேன் வோர்ன் 4,50,000 டொலருக்கு வந்தார். தலைவரும் பயிற்றுநரும் அவரே ஆனார். அவுஸ்திரேலியரான ஷேன் வொட்சன் 1,25,000 டொலர். பாகிஸ்தானியரான சொஹைல் தன்வீர் ஓரிலட்சம் டொலர். தன்வீர் மற்றவர்க்கு மாறான காலை ஊன்றிப் பந்தை விடுபவர். அவருடைய கையும் காலும் ஒத்துவராதது போலத் தோன்றும். அத்தோற்றமே துடுப்பாட்டக்காரரைத் திணறச் செய்தது. 2008 மே 4 ஆம் நாள் ஜெய்ப்பூரில் சென்னை அணிக்கெதிராக அவர் 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2019 வரை அதனை எவரும் விஞ்சவில்லை. அப்பருவத்தில் 22 விக்கெட்டுகள் வீழ்த்தி முதலிடம் பெற்றவரும் அவரே. வொட்சன் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஜூன் 1 ஆம் நாள் இறுதியாட்டத்தில் சென்னை அணியைக் கடைசிப் பந்தில் வென்று இராஜஸ்தான் கிண்ணத்தைப் பெற்றது.

விலை குறைந்தமைக்கு இவர்களிடம் காரணங்கள் இருந்தன. ஒருவருக்கு வயது, மற்றவருக்கு விந்தையான கை. அக்காரணங்கள் அவர்கள் செய்ய வேண்டிய வினைக்குத் தடையாகுமா என்று பார்த்தவர்க்கு இலாபம் கிடைத்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசக்கூடியது நான்கு ஓவர். அந்த நான்கு ஓவருக்கு நாற்பதை நெருங்கும் வோர்னின் விரல்கள் போதுமானவை.

காலமும் இடமும்

வலி மட்டும் அறிந்தாற் போதாது. இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவர்களில் வெளிவட்டத்தில் இருவரே நிற்கலாம். அவ்வேளையில் வீச நெஞ்சுரம் வேண்டும். இடை ஓவர்களில் ஓட்டத்தை இறுக்க வேண்டும். இறுதி நான்கில் துடுப்பாட்டக்காரர் கண்மூடி அடிப்பர். அங்கே காலடியில் விழும் பந்தை வீசத் தெரிந்தவர் சிலரே. அரிதானதற்கே விலையை மிகுத்துக் கொடுக்க வேண்டும். இடை ஓவர்களைத் தாங்குவோர் பலர் கிடைப்பர். அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது அறிவீனம்.

இடமும் அத்தகையதே. பேஸ்போல் மைதானங்கள் யாவும் ஒரே அளவின அல்ல. வேலி அண்மையில் உள்ள களத்துக்குப் பந்தைத் தரையோடு அடிக்கச் செய்யும் எறிவோர் ஏற்றவர். வேலி தொலைவில் உள்ள களத்தில் வானோக்கி அடிக்கச் செய்பவரும் பிழைத்துக்கொள்வர். சென்னைச் சேப்பாக்கத்து ஆடுகளம் நெடுங்காலமாகச் சுழற்பந்துக்குத் துணைநின்றது. அந்நிலம் அறிந்து ஆள் சேர்த்தமை சென்னை அணியின் வெற்றிகளுக்கு ஒரு காரணம்.

கடலோரக் கைகள்

பிராட்ஃபோர்ட், தன்வீர் என்னும் வரிசையில் நம் நாட்டவர் மூவரையும் வைத்துப் பார்க்கலாம். காலிக்கு அருகே இரத்கமையில் மென்பந்து ஆடி வளர்ந்த லசித் மாலிங்கவின் கை தோளுக்கு மேலே எழாது. பக்கவாட்டில் சுழன்று வரும். 2008 ஏலத்தில் மும்பை அவரை 3,50,000 டொலருக்கு வாங்கியது. அவ்வணிக்காக அவர் 122 ஆட்டங்களில் வீழ்த்திய விக்கெட்டுகள் 170.

அதே சாயலில் வீசும் கண்டியைச் சேர்ந்த மதீஷ பத்திரண, 2022 இல் சென்னை அணியில் காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக இடைப்பருவத்தில் வந்தார். கொடுத்தது 20 இலட்சம் இந்திய ரூபாய். 2023 இல் அவர் 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை கிண்ணம் வென்றது. 2025 பருவத்துக்கு அவரைத் தக்கவைத்துக்கொள்ள அவ்வணி 13 கோடி ரூபாய் கொடுத்தது. இருபது இலட்சம் அறுபத்தைந்து மடங்காயிற்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024 இல் காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக 50 இலட்சம் ரூபாய்க்கு ஐதராபாத் அணியில் சேர்க்கப்பட்டார். நம் பிள்ளைகள் பலர் பெரிய வாயிலால் அன்றிப் பதிலாள் என்னும் சிறு வாயிலாலேயே நுழைகின்றனர்.

நூறு காசுக் கணக்கு

மாணவர்க்கு விளங்குமாறு ஒரு சிறு கணக்கைக் கூறுவேன். கையில் 100 காசு. ஐந்து பந்துவீச்சாளர் தேவை. ஒவ்வொருவருக்கும் நான்கு ஓவர். காசின்றிக் கிடைக்கும் எவரும் நான்கு ஓவரில் 36 ஓட்டம் கொடுப்பார் என்று கொள்வோம். முதல் தரத்தார் 24 கொடுப்பார், விலை 60. இரண்டாம் தரத்தார் 28 கொடுப்பார், விலை 24. மூன்றாம் தரத்தார் 31 கொடுப்பார், விலை 10. இலவச ஆளோடு ஒப்பிட, முதல்வர் மிச்சப்படுத்துவது 12 ஓட்டம், இரண்டாமவர் 8, மூன்றாமவர் 5.

முதல் தரத்தார் ஒருவரையும் மூன்றாம் தரத்தார் நால்வரையும் வாங்கினால் செலவு 100. மிச்சம் 32 ஓட்டம். இரண்டாம் தரத்தார் மூவரையும் மூன்றாம் தரத்தார் இருவரையும் வாங்கினால் செலவு 92. மிச்சம் 34 ஓட்டம். புகழ்பெற்றவர் ஒருவரும் இல்லாத அணி குறைந்த செலவில் விஞ்சிவிட்டது.

ஆனால் சந்தையில் இரண்டாம் தரத்தார் ஒருவரே இருந்தால்? அவரோடு மூன்றாம் தரத்தார் நால்வரைச் சேர்க்க 28 ஓட்டமே மிச்சமாகும். அப்போது 60 காசு கொடுத்து முதல்வரை வாங்கி 32 பெறுவதே அறிவு. ஆகவே 'பெரியவரை வாங்காதே' என்பது விதியன்று. அவரை விட்டால் அவ்விடத்தில் நிற்பது யார் என்று கேட்பதே விதி. 2023 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணி மிச்சல் ஸ்டார்க்குக்கு 24 கோடியே 75 இலட்சம் ரூபாய் கொடுத்தபோது நகைத்தோர் பலர். 2024 இறுதியாட்டத்தின் நாயகன் அவரே.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். 2008 இல் வென்ற இராஜஸ்தான் 2009 இல் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஒருவன் கண்ட மலிவை அடுத்த ஆண்டு யாவரும் காண்பர், விலை ஏறிவிடும். கடைசிப் பந்தில் கிடைத்த வெற்றியில் நற்பேற்றின் பங்கும் உண்டு.

கணக்கும் சூதும்

இக்கணக்கைப் பாவனைக் காசில் போடும்வரை அது அறிவுப் பயிற்சி. மெய்க் காசு நுழைந்தவுடன் அது சூதாகின்றது. கைத்தொலைபேசியில் வீரர்களைத் தெரிந்து பணம் கட்டும் ஆட்டங்களில் இளைஞர் பலர் இழந்த பின்னரே, 2025 ஓகஸ்ட் மாதத்தில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசிரியன்மார் மாணவர்க்கு இந்த எல்லையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்க நூறு கற்பனைக் காசும் ஒரு பழைய பத்திரிகையின் ஓட்டப்பட்டியலும் போதும்.

நம் ஊரின் ஓட்டக்கணக்குப் புத்தகம்

கிண்ணியாப் பக்கத்துக் கழகம் ஒன்றின் நிதி, உறுப்பினர் சந்தாவும் கடைத்தெரு நன்கொடையுமேயாம். வெளியூர் வீரரை விலைக்கு வாங்கும் வழி நமக்கில்லை. நமக்குள்ள வழி, நம்மிடம் இருப்பவனைச் சரியாக அளப்பதே. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலை செல்ல வேண்டியவர்கள் துறையிலே பாதைக்குக் காத்து நின்றனர். தேர்வாளர் கண்ணிற் படாமல் எத்தனை கைகள் ஓய்ந்தனவோ! பாலம் வந்துவிட்டது, இனி அளவுகோலும் சீராக வேண்டும்.

நாம் எழுதும் ஓட்டக்கணக்குப் புத்தகத்தில், பிடி தவறவிடப்பட்ட பந்துக்கு இடமே இல்லை. பந்துவீச்சாளன் தன் வேலையைச் செய்துவிட்டான். பின்னால் நின்றவன் கைவிட்டான். ஆனால் ஏட்டில் ஏறுவது பந்துவீச்சாளன் கொடுத்த ஓட்டம். பருவ முடிவில் அந்த ஏட்டைப் பார்த்து 'இவன் பயனற்றவன்' என்று நீக்குகின்றோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பிள்ளையின் தரத்தைத் தீர்மானிக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. அந்தப் புள்ளியில் பிள்ளையினுடையது எவ்வளவு? தனியார் வகுப்புக்குக் கட்டிய பணத்தினுடையது எவ்வளவு? ஆண்டு நடுவில் மாற்றலாகிப் போன ஆசிரியர் விட்டுச்சென்ற வெற்றிடத்தினுடையது எவ்வளவு? பிரித்தறியாமல் விலையிட்டுவிடுகின்றோம்.

எனவே பாடசாலைக் கிரிக்கெட் குழுக்களுக்கு எளியதொரு வேண்டுகோள். ஓட்டக்கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் மூன்று நிரல்களைக் கூடுதலாக வரைந்துகொள்ளுங்கள். ஒன்றில் தவறவிட்ட பிடிகளைக் குறியுங்கள். இரண்டாவதில், துடுப்பாட்டக்காரன் அடிக்க முயன்று தொடாமல் விட்ட பந்துகளை எண்ணுங்கள். மூன்றாவதில், அகலப்பந்துபோல வீசுபவன் தானாக இழந்தவற்றை எழுதுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பென்சில். பருவ முடிவில் அந்த மூன்று நிரல்களையும் கூட்டிப் பார்த்தால், நாம் ஓரத்தில் உட்கார வைத்திருந்த பிள்ளை ஒருவனின் பெயர் மேலே வந்து நிற்கக்கூடும்.